சின்னப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம்: கட்டின காசுக்குக் கிடைத்தது என்ன?

கோலாலம்பூரில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகம், அதிலும் சின்னது அதன் இசைத் துறை. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். வயலின் எடுத்துப் படித்துப் பட்டமும் வாங்கியாகிவிட்டது. எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகளை அனுப்பலாமா என்று கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற அக்காமார்களுக்காக இதை எழுதுகிறேன்.

மேடை என்றால் தாராளமாக அனுப்பலாம். பெரிய இடத்தில் புதுப் பிள்ளைக்கு இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு. இங்கே ஆளே கிடையாது. மதியக் கச்சேரி, பட்டமளிப்பு விழா, யாரோ டத்தோ வருகிறார் என்றால் வரவேற்பு, எல்லாவற்றுக்கும் நாங்கள்தான். வயலினை விடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கு ஆள் இல்லாத செமஸ்டரில் வயலின்காரர்கள் முறை வைத்து அதையும் வாசித்தோம். வியோலாவுக்குச் சுரம் எழுதும் ஆல்ட்டோ கிளெஃப் குறியீடு எனக்குப் பழகியது அப்படித்தான். பஸ்ஸூன் என்ற ஊதுகருவியின் பகுதியை ஒரு தம்பி கீபோர்டில் வாசிப்பான். கேட்கச் சகிக்காது, ஆனாலும் கூட்டத்தைக் கண்டால் கை நடுங்குவது அந்த மேடைகளில்தான் நின்றது.

அடுத்தது, ஆசிரியர். வாரம் ஒரு மணி நேரம், அவரும் நானும் மட்டும். தேவார வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்தவள் நான். சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றியே பழக்கம். நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவில் பிடிப்பதற்கே கழுத்து வலித்தது. தந்திகளைச் ச-ப-ச-ப என்று சுருதி கூட்டும் நமக்கு நடுத் தந்திகள் இரண்டுக்கும் இடையில் ச-ம தூரம்தான். மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்று கூட்டும்போது அங்கேயும் பஞ்சமம், அதாவது ச-ப தூரம். பழகிய விரல் தானாகப் போய்த் தப்புச் சுரத்தில் உட்காரும். "இந்த அறைக்குள்ளே சுரம் அசையக் கூடாது, வீட்டில் உன் இஷ்டம்" என்றார் என் சீன ஆசிரியர். சுரத்தை அசைக்கும் நம் கமகத்தை மறந்துவிடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இறுதி வருடத் தனிக் கச்சேரியின் கடைசிப் பகுதிக்குப் பாய் விரித்துத் தோடி ஆலாபனை செய்ய அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான். தேர்வாளர் ஒருவர் எதற்கு மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பெரிய இடத்தில் இதைக் கேட்டிருக்கவே முடியாது என்று நினைக்கிறேன்.

இனி எரிச்சல்கள். பயிற்சி அறைகளில் இரவானால் ஏர்கானை அடைத்துவிடுவார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் எந்தப் பியானோ சுருதி நிற்கும்? ஓர் அறையில் நடு சி-யை அழுத்தினால் எழும்பாது, விரலால் தூக்கிவிட வேண்டும். ஆசிரியர்களில் பாதிப் பேர் பகுதிநேரம். அவர்களுக்கு வெளியே கச்சேரி வந்தால் வகுப்பு ரத்து, ஈடு வகுப்பெல்லாம் தேர்வுக்கு முந்திய வாரத்தில் மொத்தமாக வந்து விழும். கச்சேரிக்குக் கூட வாசிக்கிற பியானோ கலைஞருக்குத் தனிக் காசு. கட்டணத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒத்திகைக்கு இவ்வளவு வெள்ளி என்று அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற பிள்ளைக்கு இந்தப் படிப்பு தாராளம். பெரிய இசைக்குழுவில் உட்காரும் ஆசை இருந்தால், இந்தப் படிப்பு மட்டும் போதாது. 1998-இல் கேஎல்சிசியில் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் மலேசிய பில்ஹார்மோனிக் முழுக் குழு வாசிப்பதைக் கேட்டால் வித்தியாசம் காதிலேயே தெரியும். அந்தக் குழுவுக்கு இளையோர் பிரிவும் உண்டு, தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். அப்படிப்பட்ட குழுவுக்கும் சேர்த்தே முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

காசு கட்டும் முன் பட்டங்களை அங்கீகரிக்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். பியானோ கலைஞர் கூலி யார் தலையில் என்று எழுத்தில் கேளுங்கள். இடம் பார்க்க அறிமுக நாளில் போகாதீர்கள், அன்றைக்கு எல்லாப் பியானோவும் ஒழுங்காகத்தான் இருக்கும்.