500 எஃப் 4: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

லென்ஸ்களை ஈரம் படாமல் வைக்கும் டிரை கேபினட்டின் அடித்தட்டு முழுவதையும் ஒரே ஒரு லென்ஸ் அடைத்துக்கொண்டிருக்கிறது. தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் நிக்கான் 500 மி.மீ. எஃப் 4 ஜி வி.ஆர். எஃப்-க்குப் பின்னால் வரும் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் கூடும். பறவைப் படம் எடுப்பதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் சீட்டுப் பணத்தை எடுத்து, செகண்ட் ஹேண்டில் 2,40,000 ரூபாய்க்கு வாங்கியது. போன வாரம் கேபினட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி, "ஏனுங்க, இதைய வெளிய எடுத்து மூணு மாசம் இருக்குமுங்களா?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, இதையே வைத்துக்கொள்வது. இரண்டு, இதை விற்றுவிட்டு 500 மி.மீ. எஃப் 5.6 பி.எஃப். (ஃபேஸ் ஃப்ரெனெல் என்ற தனி வகைக் கண்ணாடியால் எடை குறைத்த லென்ஸ்) வாங்குவது. மூன்று, 200-500 ஜூமுக்குத் திரும்பிப் போய் மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது. ஜூமை முன்பு மூன்று வருடம் வைத்திருந்தேன். பி.எஃப். லென்ஸை நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம் ஓட்டினேன். கேமரா பாடி மூன்றுக்கும் ஒன்றேதான், நிக்கான் டி500.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது. 2007-ல் வந்த எஃப் 4 ஜி 3,880 கிராம். 2018-ல் வந்த பி.எஃப். 1,460 கிராம். 2015-ல் வந்த 200-500, டிரைபாடில் பூட்டும் காலரோடு சேர்த்து 2,300 கிராம். பாடி 860 கிராம். கூட்டினால் என்னுடையது 4.7 கிலோ, பி.எஃப். வைத்திருப்பவருக்கு 2.3 கிலோ, அதாவது பாதிக்கும் குறைவு. என் லென்ஸுக்கு இதற்கு மேல் டிரைபாடும், அதன் மேல் லென்ஸைத் தாங்கித் திருப்பும் ஜிம்பல் ஹெட்டும் வேண்டும். திருப்பூரில் ஒன்பது மணிக்குக் கம்பெனியில் இருக்க வேண்டியவனுக்குக் கிடைப்பது ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். பைக்கில் டிரைபாடைக் கட்டி, பையை முதுகில் மாட்டி, குளக்கரையில் போய் எல்லாவற்றையும் பூட்டி நிமிர்வதற்குள் இருபது நிமிடம் போய்விடும். அதை நினைத்தே பல நாள் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

நஞ்சராயன் குளத்தில் எஃப் 4-ஐயும் பி.எஃப்.-ஐயும் ஒரே காலையில் வைத்துப் பார்த்தேன். ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையத்தை ஒட்டி இருக்கும் அந்தக் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயமானது, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கரையிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. அலகு கீழ்நோக்கி, உடம்பு அசையாமல், சிறகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. டிரைபாடில் இருந்த எஃப் 4 அதை அழகாகப் பிடித்தது. ஆனால் அது கல் விழுவது மாதிரி விழுந்து, மீனோடு எழுந்து, என் தலைக்கு மேலேயே திரும்பிப் பறந்தபோது ஜிம்பல் அந்தக் கோணத்துக்கு ஏறவில்லை. என் கழுத்தில் தொங்கிய பி.எஃப்.-ஐத் தூக்கி ஆறு படம் எடுத்தேன். நாலு படத்தில் கண் கூர்மையாக இருந்தது. அலகில் மீன் குறுக்காக இருந்தது.

சரி, அப்படியென்றால் எஃப் 4 எதற்கு? வெளிச்சத்துக்கு. எஃப் 4-க்கும் எஃப் 5.6-க்கும் நடுவே ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். திருப்பூர், சூலூர், சிங்காநல்லூர்க் குளங்களில் மார்கழியிலும் ஏழு மணிக்குள் தேவையான வெளிச்சம் வந்துவிடுகிறது. அங்கே அந்த ஒரு ஸ்டாப் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. வால்பாறையில் அப்படியில்லை. ஆனி, ஆடியில் சோலைக்குள் காலை எட்டு மணியும் சாயங்காலம் மாதிரியே இருக்கும். போன ஆடியில் எஸ்டேட் ஓரத்து மரத்தில், தூறலில், பெரிய இருவாட்சி ஒன்று அமர்ந்து அத்திப் பழத்தை அலகு நுனியில் உருட்டிக்கொண்டிருந்தது. நொடியில் 250-ல் ஒரு பங்கு ஷட்டர், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சம் குறையும்போது கேமராவில் ஏற்றும் உணர்திறன்) 3200, எஃப் 4. அதே நேரம் பி.எஃப். இருந்திருந்தால் 6400-க்குப் போயிருக்க வேண்டும். டி500-ல் அந்த எல்லையைத் தாண்டும்போது இறகின் கருப்புக்குள் இருக்கும் நுணுக்கம் குழையத் தொடங்குகிறது.

முன்பென்றால் இந்த இடத்திலேயே வாதம் முடிந்திருக்கும். 2023-ல் படம் திருத்தும் சாஃப்ட்வேரான லைட்ரூமில் நாய்ஸ் (படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகள்) குறைக்கும் புது வசதி வந்த பிறகு முடியவில்லை. பழைய 6400 படங்களை அதில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு ஒதுக்கி வைத்த பாதிப் படங்கள் அச்சுக்குப் போகும் தரத்துக்கு வந்தன. நாய்ஸை ஓரளவு பின்னால் சரிசெய்யலாம், பின்னணி மங்கலை அப்படிச் செய்ய முடியாது. நாற்பது மீட்டர் தூரத்துப் பறவைக்கு டி500-ல் கூர்மையாகத் தெரியும் ஆழம் எஃப் 4-ல் ஏறக்குறைய ஒரு மீட்டர், எஃப் 5.6-ல் ஏறக்குறைய 1.4 மீட்டர். பின்னால் சீமைக்கருவேல முள் அடர்ந்திருக்கும் குளக்கரையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எஃப் 4-ல் முள் வெறும் பச்சையாகக் கரைந்துவிடும். இது எனக்கு உண்மையிலேயே பிடித்த விஷயம், இதை விட்டுக்கொடுப்பது வலிக்கிறது. ஆனால் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் கணக்குத் தலைகீழ். அங்கே எஃப் 4-ல் ஆழம் ஆறு சென்டிமீட்டர்தான். மீன்கொத்தியின் அலகு கூர்மையாக இருந்தால் வால் இருக்காது. எப்படியும் எஃப் 8-க்கு இறக்கித்தான் எடுக்கிறேன்.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி நீளத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1.4 போட்டால் என்னுடையது 700 எஃப் 5.6, டி500-ன் 153 ஃபோகஸ் புள்ளிகளும் வேலை செய்யும். பி.எஃப்.-ல் போட்டால் எஃப் 8. வெறும் 15 புள்ளிதான். குளத்தின் நடுத்திட்டில் மஞ்சள் மூக்கு நாரைகள் நிற்கும்போது இது பெரிய இழப்பு. இன்னொன்று, பி.எஃப். லென்ஸுக்கே உரிய குறை: எதிர் வெயிலில் தண்ணீர் மினுங்கும்போது அந்த ஒளிப்பொட்டுகளைச் சுற்றி வளையம் வளையமாக நிறம் தட்டும். நிக்கானே அதைக் குறைக்கத் தன் சாஃப்ட்வேரில் தனி வசதி கொடுத்திருக்கிறது. கிழக்குப் பார்த்து நின்று எடுப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து நிற்கப் பழக வேண்டும்.

ஜூமுக்கு வருகிறேன். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் வால்பாறை ரோட்டில் போய்ப் பார்க்காதவர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆழியாறிலிருந்து மேலே ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் வரையாடு ரோட்டோரச் சுவரிலேயே வந்து நிற்கும். புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் ஆள் பழக்கத்தில் பத்தடிக்கும் வந்துவிடும். அங்கே 500 மி.மீ. என்றால் மூக்கும் ஒரு கண்ணும்தான். என் எஃப் 4 நாலு மீட்டருக்குக் குறைவான தூரத்தில் ஃபோகஸே ஆகாது. பி.எஃப். மூன்று மீட்டர், ஜூம் 2.2 மீட்டர். சோலைமந்தி வெள்ளிப் பிடரியோடு குட்டியை அணைத்து உட்கார்ந்திருக்கும் என் நல்ல படம் ஒன்றுகூட எஃப் 4-ல் எடுத்ததில்லை, எல்லாம் ஜூம் காலத்தவை. செகண்ட் ஹேண்டில் எனக்குச் சொன்ன விலை 65,000. ஃபோகஸ் வேகம் மட்டும்தான் குறை. பறக்கும் பஞ்சுருட்டானுக்கு அது பத்தாது. வாரம் ஒரு தடவை குடும்பத்தோடு வெளியே போகும்போது படம் எடுப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், வேறு யோசனையே வேண்டாம்.

நம்ம ஊர்க் காற்றையும் வெயிலையும் விட்டுவிட்டு லென்ஸைப் பேச முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும்போது எஃப் 4-ன் முன்பக்கம் மாட்டும் ஹூட் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். டிரைபாடின் காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பங்குனி, சித்திரையில் ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். தூரத்துப் பறவை அப்போது கொதிக்கும் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். இரண்டு லட்சம் லென்ஸும் அறுபதாயிரம் லென்ஸும் அங்கே ஒன்றுதான். அப்புறம் ஈரம். வால்பாறையிலிருந்து இறங்கி வந்ததும் பையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு கேபினட்டில் ஈரப்பதம் 45 சதவீதத்தில் வைத்துவிடுவேன். அதனால் இதுவரை ஃபங்கஸ் இல்லை.

கடைசியாகப் பணம். லென்ஸைக் கேமராவில் பூட்டும் பழைய வகையான எஃப் மவுண்ட்டில் நிக்கான் வெளியிட்ட கடைசிப் புது லென்ஸ் 2020-ல் வந்தது. அதன் பிறகு எல்லாம் இசட் மவுண்ட். பழைய பெரிய லென்ஸ்களின் விலை இனி ஏறப்போவதில்லை. அதோடு என் லென்ஸில் ஒரு சத்தம் தொடங்கியிருக்கிறது. பல நாள் சும்மா கிடந்து எடுத்தால், முதல் நாலைந்து ஃபோகஸுக்கு மோட்டார் "கீச்" என்கிறது. பழைய சைலன்ட் வேவ் மோட்டார்களுக்கு வயதானால் வரும் சத்தம் இது. இன்னும் ஐந்து வருடம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். மோட்டார் போனால் உதிரி கிடைக்குமா என்பதுதான் என் பயம்.

இரண்டு வருடப் படங்களையும் உட்கார்ந்து பிரித்தேன். முதல் வருடம் 58 காலைகள் எடுத்துப் போயிருக்கிறேன், இரண்டாம் வருடம் 13. அச்சுக்கு எடுத்தவை 41. அதில் எஃப் 4 இல்லாமல் கிடைத்தே இருக்காது என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியவை நாலு. அந்த இருவாட்சி அதில் ஒன்று. போகாமல் விட்ட காலைகளில் எத்தனை மீன்கொத்தி மீனோடு எழுந்தது என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

பி.எஃப்.-க்கு மாறுகிறேன். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் ஒன்று 1,70,000-க்குப் பேசி வைத்திருக்கிறேன். எஃப் 4-ஐ 1,95,000 என்று சொல்லியிருக்கிறேன். பார்க்க வருவது பொள்ளாச்சித் தம்பி ஒருவர். டாப்சிலிப் பக்கம் ஜீப்பிலேயே சுற்றுகிறவர், ஜன்னலில் நெல் அடைத்த பையைப் போட்டு அதன் மேல் லென்ஸை வைத்து எடுக்கிறவர். தூக்கிச் சுமக்கும் வேலை அவருக்கு இல்லை, சோலை இருட்டு தினமும் இருக்கிறது. என்னிடம் கேட்டால், அவர் இந்த லென்ஸை வாங்குவதுதான் சரி.

"அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்க்கலாமுங்களா?" என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார். உள்ளே ஃபங்கஸ் இருந்தால் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். கட்டாயம் அடித்துப் பாருங்கள், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும், ஓரம் வரைக்கும் பாருங்கள் என்றேன். மோட்டார் சத்தத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வரும் வரைக்கும் லென்ஸை எடுக்கவே போவதில்லை. முதல் ஃபோகஸிலேயே அந்தச் சத்தம் அவர் காதில் விழட்டும், விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.