சைப்ரஸில் குளிர்காலம்: கடலோரத்தில் தங்குவதா, மலையூரிலா?

டிசம்பர் கடைசியில் தொடங்கி ஒன்பது இரவுகள் சைப்ரஸில் இருந்தோம், நானும் மனைவியும். முதல் நாலு இரவு லிமசோலில் கடலைப் பார்த்த ஒரு ஃபிளாட். மிச்ச ஐந்து இரவு ட்ரூடோஸ் மலையின் வடசரிவில் இருக்கும் கக்கோபெட்ரியா என்ற ஊரில் ஒரு பழைய வீடு. யோசித்துச் செய்த பரிசோதனையெல்லாம் இல்லை, எங்கே தங்குவது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, அதனால் ஆளுக்குப் பாதி. கடலோரம் கேட்டவன் நான்தான். இப்போது யாராவது கேட்டால் மலையூர் என்றுதான் சொல்வேன்.

லிமசோலின் பக்கம் உள்ள நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கடைகளும் சாப்பாட்டு இடங்களும் திறந்திருக்கும். ஆயியா நாப்பா போன்ற கோடைக்கால ஊர்கள் ஷட்டரை இறக்கிவிடும் மாதங்களிலும் இது ஓடிக்கொண்டிருக்கும் நகரம். பகலில் 17, 18 டிகிரி, கடற்கரையில் நடக்க ஒரு ஸ்வெட்டர் போதும். கூரியனில் கடலைப் பார்த்த பழைய அரங்கம், அக்ரோத்திரி உப்பு ஏரியில் பூநாரைகள், அஃப்ரோடைட்டி பிறந்ததாகச் சொல்லும் பெத்ரா து ரோமியு பாறை, இவ்வளவையும் ஒன்றரை நாளில் அவசரப்படாமல் பார்த்துவிடலாம். பாஃபோஸ் மொசைக் தரைகளுக்கு இன்னொரு நாள். அவ்வளவுதான். குளிரில் கடலில் இறங்கப் போவதில்லை என்றால் கடலோரத்துக்கு மூன்று நாள் தாராளம்.

மலை அப்படி முடியாது. ஊர் ஊராக நின்று பார்க்க வேண்டிய இடம். இங்கேதான் நான் கணக்கில் எடுக்காத ஒன்று குறுக்கே வந்தது: பொழுது. டிசம்பரில் அங்கே சூரியன் எழுவது ஏழுக்குச் சற்று முன்னால், விழுவது 4:45-க்குள். அது கடல்மட்டத்துக் கணக்கு. பள்ளத்தாக்குக்குள் இருக்கும் ஊரில் மூன்றரைக்கே வெயில் சுவரைவிட்டு ஏறிப் போய்விடுகிறது. லிமசோலில் இருந்து மலைமேல் இருக்கும் ட்ரூடோஸ் சதுக்கம் ஒரு மணி நேரம். மேலே போனபின் ஊருக்கு ஊர் போவது அரைமணி, முக்கால் மணி, வரைபடத்தில் விரல் அகலம்தான் இருக்கும், ஆனால் முழுக்க வளைவு. காலைச் சாப்பாடு முடித்துப் பத்து மணிக்குக் கிளம்புகிறவருக்குக் கையில் மிஞ்சுவது நாலு மணி நேரம்.

லிமசோலில் இருந்து மலைக்குப் போன அன்று எங்களுக்கு நடந்தது இதுதான். ஒமொடோஸ் என்ற மலையூரில் ஒயின் கடை வாசலில் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டோம், அப்புறம் மதியச் சாப்பாடு. அடுத்த ஊரான பெடுலாஸ் போய்ச் சேரும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. அங்கே மிக்கேல் அதிதூதர் பெயரில் 1474-இல் கட்டிய சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது, உள்சுவர் முழுக்க ஓவியம். ட்ரூடோஸில் இப்படி ஓவியம் தீட்டிய பத்துக் கோயில்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. சிலவற்றில் டிக்கெட் கவுண்டர் எதுவும் கிடையாது, சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும், காபிக்கடையில் கேட்டால் போன் போட்டு வரவழைப்பார்கள். வந்தார், சிரித்துக்கொண்டே திறந்தார், நாங்களோ கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடத்தில் வெளியே வந்தோம். அவரைக் கூப்பிட்டு இழுத்ததற்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் புரோத்ரொமோஸ் வழியாக, கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்தில், மூடுபனிக்குள் இருட்டு. கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் அவசரத்தில் ஒரு பிக்கப். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு, ஸ்டீயரிங் வலப்பக்கம், அந்த வகையில் பழக்கப்பட்ட கைதான். இருந்தும் லிமசோல் விளக்குகள் கீழே தெரியும்வரை இரண்டு பேரும் பேசவே இல்லை.

சரி, மலையில் தங்கிக் கடலுக்குப் போனால் அதே இருட்டில் திரும்பி ஏறத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கக்கோபெட்ரியா 670 மீட்டர் உயரம்தான், செங்குத்தான ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. தலைநகர் நிக்கோசியாவில் இருந்து வரும் வடக்குச் சாலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும், இரவிலும் பயமில்லை. ஜனவரி 6, இயேசுவின் திருமுழுக்குத் திருநாள், அன்று காலையில் கடலோர ஊரான லார்னகாவுக்கு இறங்கினோம். பிஷப் சிலுவையைக் கடலில் எறிவதையும் அந்தக் குளிரில் பையன்கள் குதித்து நீந்தி எடுப்பதையும் பார்த்தோம், உப்பு ஏரிக் கரையில் ஹாலா சுல்தான் தெக்கே பள்ளிவாசல், சாப்பாடு, எல்லாம் முடித்து நிக்கோசியா வழியாக இருட்டிய பிறகே வீடு திரும்பினோம், ஒரு சிக்கலும் இல்லை. விடுமுறை நாள் என்பதால் சாலை காலி. வேலைநாள் மாலையில் நிக்கோசியா ஓரத்து நெரிசல் எப்படி இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இதே கணக்கைத் தென்சரிவில் பிளாட்ரெஸுக்குப் போட்டால் ஒத்துவராது, அது 1,100 மீட்டருக்கும் மேலே.

பொழுது கையில் இருந்தால் மலையே வேறு இடம். காலை எட்டரைக்கு, கக்கோபெட்ரியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அயியோஸ் நிகோலாஸ் கோயிலுக்குப் போகும் சாலையில் நாங்கள் மட்டும்தான். பழைய குவிமாடத்துக்கு மேல், பனிக்கும் மழைக்கும் தாங்கட்டும் என்று, பிற்காலத்தில் சரிவான ஓட்டுக்கூரை ஒன்றைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள், கோயிலுக்குப் பெயரே கூரைக் கோயில் என்றாகிவிட்டது. வெளியே தானியக் களஞ்சியம் மாதிரி இருக்கும், உள்ளே குழந்தைக்குப் பால் கொடுக்கும் மரியாள். அன்றே மதியத்துக்கு முன் அசினு கோயிலையும் பார்த்துவிட்டோம், அங்கே 1105–06 காலத்து ஓவியங்கள். மாலையில் பழைய தெருக்களில் நடை, ஆற்றுச் சத்தம், வறுத்த டிரௌட் மீன்.

குறை இல்லாமல் இல்லை. வார நாட்களில் பல உணவகங்கள் மூடிக் கிடந்தன, ஞாயிறு மதியம் மட்டும் நிக்கோசியாக்காரர்கள் வந்து நிரப்புகிறார்கள். எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும். இரவில் நல்ல குளிர். விளம்பரப் படத்தில் எரிந்துகொண்டிருந்த கணப்புக்கு வீட்டில் இருந்தது ஒரு கூடை விறகு, அது முதல் இரவிலேயே தீர்ந்தது, பிறகு ஏசியைச் சூடாக்கும் பக்கம் திருப்பித்தான் தூங்கினோம். பதிவு செய்யும்போதே விறகைப் பற்றியும் ஹீட்டரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஆனால் கடலோரத்தில் கதகதப்பாக இருக்கும் என்பதும் பாதிதான் உண்மை. கோடைக்கென்று கட்டிய ஃபிளாட், வழுவழுத் தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, ராத்திரி தரையில் கால் வைக்க முடியாத குளிர். வெந்நீர் மொட்டைமாடி சோலாரில் இருந்து வருகிறது, மேகம் போட்ட நாளில் சுவிட்சைத் தட்டி அரைமணி காத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருந்த நாட்களில் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, சாலையில் பனி இல்லை. பனிச்சறுக்குக்காகப் போகிறவர்கள், பெப்ரவரியில் போகிறவர்கள் என் பேச்சைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டாதவர்களுக்கும் இது பொருந்தாது, மலைக்குப் பேருந்து சொற்பம், அவர்கள் லிமசோலிலேயே தங்கலாம்.

அடுத்த முறை எல்லா இரவும் கக்கோபெட்ரியாவில்தான், கடைசி ஒன்றைத் தவிர. விமானம் விடியற்காலையில் என்றால் அந்த ஒரு இரவை லார்னகாவில் வைத்துக்கொள்வோம், விமான நிலையம் பக்கத்திலேயே. அதற்கு மனைவியும் சம்மதம்.