டி.ஏ. உளச்சிகிச்சை மேல்நிலைப் பயிற்சி: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

டிரான்சாக்‌ஷனல் அனாலிசிஸ் (டி.ஏ.: எரிக் பெர்ன் உருவாக்கிய உளவியல், உளச்சிகிச்சை முறை) பக்கம் வருபவர்களில் பெரும்பாலோர் 101 என்ற அறிமுக வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். குறைந்தது 12 மணி நேரம் நடக்கும் அந்த வகுப்பு ஈகோ நிலைகள் (பெற்றோர், பெரியவர், குழந்தை), ஸ்ட்ரோக் (ஒருவர் இன்னொருவருக்குத் தரும் அங்கீகாரம்), விளையாட்டுகள் (உறவுகளில் திரும்பத் திரும்ப வரும் மறைமுகச் சிக்கல்கள்), ஸ்கிரிப்ட் (சிறுவயதில் மனதுக்குள் எழுதிக்கொண்ட வாழ்க்கைத் திட்டம்) எல்லாவற்றையும் தொட்டுக்காட்டிவிட்டு முடிந்துவிடும். உளச்சிகிச்சையாளராக வேண்டும் என்பவர்களுக்கான பாதை அதன் பிறகுதான் தொடங்குகிறது. 202 என்று அழைக்கப்படும் தொடர் பயிற்சி, சூப்பர்விஷன் (மூத்தவர் ஒருவர் உங்கள் சிகிச்சை வேலையை உங்களோடு ஆராய்வது), சொந்த சிகிச்சை, கடைசியில் சி.டி.ஏ. (சான்று பெற்ற டி.ஏ. நிபுணர்) தேர்வு. இந்த நீண்ட பாதை கேட்கும் பணத்துக்கும் காலத்துக்கும் தகுந்ததா? தகுந்ததுதான். ஆனால் அந்தத் தகுதி வகுப்பறையில் இல்லை, சூப்பர்விஷனில் இருக்கிறது. இது தெரியாமல் சேர்பவர்களே பாதியில் சலித்துப் போகிறார்கள்.

முதலில் கணக்கு. சர்வதேச சங்கமான ஐ.டி.ஏ.ஏ., ஐரோப்பிய சங்கமான ஈ.ஏ.டி.ஏ. ஆகியவற்றின் சி.டி.ஏ. பாதை மொத்தம் 2,000 மணி நேரம் கேட்கிறது. கிளையன்ட்டுகளோடு 750, அதில் 500 டி.ஏ. முறையில். தொழில்முறைப் பயிற்சி 600, அதில் 300 டி.ஏ. சூப்பர்விஷன் 150. அதில் 75 மணி நேரமாவது டி.ஏ. பயிற்றுநர் தகுதி (தற்காலிகமோ முழுமையோ) பெற்றவரிடம், அதற்குள் 40 முதன்மை சூப்பர்வைசரிடம். மீதி 500 மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை முதன்மை சூப்பர்வைசரும் பயிற்சி பெறுபவரும் பேசி முடிவு செய்யலாம். பயிற்சி ஒப்பந்தம் வழக்கமாக ஐந்தாண்டுக்கு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்தக் கணக்கில்தான். வகுப்பு மணி நேரம் தானாகச் சேர்ந்துவிடும், ஏனென்றால் வார இறுதி வகுப்பில் போய் உட்கார்ந்தால் போதும். கிளையன்ட் மணி நேரம் அப்படிச் சேராது. வாரத்துக்கு மூன்று கிளையன்ட்டைப் பார்ப்பவர் ஆண்டில் 45 வாரம் வேலை செய்தால் 135 மணி நேரம்தான் தேறும். 750ஐத் தொட ஐந்தரை ஆண்டு ஆகிவிடும். வாரத்துக்கு ஐந்து பேர் என்றால் மூன்றேகால் ஆண்டு போலாகும். ஆகவே கிளையன்ட்டுகள் எங்கிருந்து வருவார்கள், நிறுவனத்தோடு ஏற்பாடு ஏதாவது உண்டா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். "அதெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடத்தில் சேர யோசியுங்கள். இன்னொன்று, மணி நேரப் பதிவேட்டை அன்றன்றே எழுதி மாதாமாதம் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மூன்று ஆண்டு கழித்து நாட்குறிப்பைப் புரட்டி நிரப்புவது நடக்காத காரியம்.

இனி சூப்பர்விஷன். நல்ல இடத்தில் ஒலிப்பதிவு இல்லாமல் அமர்வு நடக்காது. மூன்றிலிருந்து ஐந்து நிமிடப் பகுதி, வரி எண் போட்ட எழுத்துப்படி, கிளையன்ட்டோடு செய்த ஒப்பந்தம் என்ன, இது எத்தனையாவது அமர்வு, பயிற்சி பெறுபவருக்கு இதில் என்ன வேண்டும் என்பதெல்லாம் மேஜையில் இருக்கும். "நான் செய்தது சரியா?" என்பது பலவீனமான கேள்வி. "12ஆம் வரியில் நான் ஏன் பேச்சை மாற்றினேன்?" என்றால் வேலை நடக்கும்.

ஒலிப்பதிவுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? ஒரு கிளையன்ட் "வேலைதாங்க முக்கியம், உடம்பு கெட்டா கெட்டுட்டுப் போகுது" என்று சொல்லிச் சிரிக்கிறார். சிகிச்சையாளரும் கூடச் சிரித்துவிடுகிறார். தன்னை அழித்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட்டுக்கு அந்தச் சிரிப்பு ஒரு ஸ்ட்ரோக். வாய்மொழி அறிக்கையில் இது வரவே வராது. "நல்ல உறவு உருவாகியிருக்கிறது" என்றுதான் பதிவாகும். பதிவைப் போட்டால் சில நொடிகளில் காதில் விழுந்துவிடும். இதுபோல இன்னொரு பொதுக் கோளாறும் உண்டு. எரிக் பெர்ன் 1966இல் எட்டு சிகிச்சைச் செயல்களை வரிசைப்படுத்தினார். கேட்பது முதலில், கேட்டதை இருவர் மனதிலும் தெளிவாகப் பதியவைப்பது அடுத்து, எதிர்கொள்வது (சொல்லிலுள்ள முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவது) மூன்றாவது. விளக்கம் தருவதெல்லாம் அப்புறம். புதியவர்கள் இரண்டாம் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். பதியவைக்காததை எதிர்கொண்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கிளையன்ட் நழுவிவிடுவார். சிகிச்சையாளர் குற்றம் சாட்டும் பெற்றோர் நிலைக்குப் போய்விட்டது போலாகிவிடும். எழுத்துப்படியில் இந்தத் தாவலை வரியோடு காட்டலாம். இந்தக் காது வாய்க்க ஆண்டுகள் பிடிக்கும், புத்தகம் படித்து வருவதில்லை.

பதிவுக்குக் கிளையன்ட்டின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம். யார் கேட்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்போம், எப்போது அழிப்போம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலும் சிகிச்சை நிற்காது என்பதும்.

கோட்பாட்டு வகுப்புகளின் தரம் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகிறது. கார்ப்மேனின் நாடக முக்கோணம் (1968; துன்புறுத்துபவர், காப்பாற்றும் 'ரெஸ்க்யூயர்', பாதிக்கப்பட்டவர் என்ற மூன்று பாத்திரங்கள்), சிறுவயது முடிவுகளை மாற்றி எடுக்கவைக்கும் கோல்டிங் தம்பதியின் மறுமுடிவு முறை, எர்ஸ்கினும் ஜால்க்மனும் 1979இல் தந்த ராக்கெட் (racket) அமைப்பு (ஸ்கிரிப்ட் நம்பிக்கைகள் தம்மைத் தாமே உறுதிப்படுத்திக்கொள்ளும் வட்டம்) ஆகியவை எங்கும் இருக்கும். சிகிச்சையாளர்-கிளையன்ட் உறவையே வேலையின் மையமாக்கும் உறவுசார் டி.ஏ. எவ்வளவு ஆழமாக வருகிறது என்று பாருங்கள். படத்தை வரைந்து காட்டி நகர்ந்துவிடும் வகுப்பில், பயிற்சி பெறுபவர்கள் காபி இடைவேளையில் ஒருவரையொருவர் "நீ ரெஸ்க்யூயர்" என்று முத்திரை குத்திக்கொண்டிருப்பார்கள். சொல் மட்டும் ஏறி வேலை ஏறவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

சொந்த சிகிச்சையில் ஒரே ஒரு எச்சரிக்கை. உங்களைப் பயிற்றுவிப்பவரே உங்களுக்குச் சிகிச்சையும் தரும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். தேர்வுக்கு நீங்கள் தயாரா என்று மதிப்பிடப்போகும் மனிதரிடம் வெட்கத்தையும் பயத்தையும் முழுதாகத் திறக்க முடியாது.

தேர்வு இரண்டு பகுதி. எழுத்துத் தேர்வு அதிகபட்சம் 24,000 சொற்கள். தன்னைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் எழுதும் பகுதிகள், ஒரு கேஸ் ஸ்டடி, கோட்பாட்டுக் கேள்விகள் ஆகிய நான்கும் அதில் அடங்கும். இங்கே பலர் கேஸ் ஸ்டடிக்கான கிளையன்ட்டைக் கடைசி ஆண்டில் தேடுகிறார்கள். ஒப்பந்தம், நோயறிதல், சிகிச்சைத் திட்டம், முடிவு வரை தொடர்ச்சியாகக் காட்டக்கூடிய ஒருவரின் குறிப்புகள் இரண்டாம் ஆண்டிலிருந்தே சேர்ந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு வாய்மொழித் தேர்வு. நான்கு தேர்வாளர்கள், மூன்று ஒலிப்பதிவுகள், ஏறத்தாழ ஒரு மணி நேரம். பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பான அமர்வைத் தேடி அலைய வேண்டாம். சறுக்கிய இடத்தைச் சிகிச்சையாளரே கவனித்துச் சரிசெய்யும் பகுதி, எதுவுமே நடக்காத இனிமையான பகுதியைவிட அதிகம் பேசவைக்கும். மூன்றும் ஒரே வகை இடையீடாக இருந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சூப்பர்விஷன், சொந்த சிகிச்சை, தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்துக்குப் பயணம், சங்க உறுப்பினர் கட்டணம் எல்லாம் தனி. மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். சி.டி.ஏ. பெற்றாலே எல்லா நாட்டிலும் சட்டப்படி உளச்சிகிச்சை செய்யலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அந்தந்த நாட்டின் பதிவு விதிகள் வேறு. பட்டம் ஒன்று உடனே கையில் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பாதை எரிச்சலூட்டும். ஏற்கெனவே கிளையன்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, முதல் ஆண்டிலேயே வேலையில் வித்தியாசம் தெரியும்.

கையெழுத்திடும் முன் முதன்மை சூப்பர்வைசரிடம் மூன்று கேள்விகள். உங்களிடம் பயின்றவர்களில் எத்தனை பேர் தேர்வு வரை போனார்கள்? ஒவ்வொரு அமர்விலும் பதிவு கேட்பீர்களா? நீங்கள் ஓய்வு பெற்றாலோ நாம் பிரிந்தாலோ என் மணி நேரங்களை வேறொரு சூப்பர்வைசரிடம் எப்படி மாற்றுவது? மூன்றாவதற்கான பதில் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.