சென்னை–பலாலி: 57 நிமிடம் என்றது இணையதளம்

எங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். மாமியாரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முன்பு, விமான தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஓர் இணையதளத்தில் சென்னையையும், யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியையும் கொடுத்துப் பார்த்தேன். 355 கி.மீ., 57 நிமிடம் என்று வந்தது. அதை அப்படியே நாத்தனாருக்கு போனில் சொன்னதுதான் நான் செய்த தப்பு.

தூரத்தில் பிழை இல்லை. இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. கடல் மேல் நேர் தெற்காகப் போனால் பலாலி. நேரம்தான் உதைக்கிறது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது: மணிக்கு 800 கி.மீ. வேகம், ஏற இறங்க அரை மணி. ஜெட்டுக்கு அது சரி. பலாலியில் ஓடுபாதை குட்டை, அதனால் வருவது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். அது மணிக்கு 500 கி.மீ. போனாலே அதிகம். நாங்கள் கிளம்பி இறங்க 1 மணி 15 நிமிடம் ஆனது.

அதுவும் பறந்த நேரம் மட்டும். பெரம்பூர் வீட்டைப் பூட்டியது காலை 6.45க்கு. கவுன்டரில் பெட்டி மூன்று கிலோ அதிகம் என்றார்கள். சாம்பார் பொடியைக் கைப்பைக்கு மாற்றினால் அதையும் எடை போட்டார்கள். பணம் கட்டினோம். கட்டணம் எப்படி வந்தது என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை. 10.15 விமானம் 10.50க்கு நகர்ந்தது. சுன்னாகம் வாசலில் இறங்கும்போது மணி 1.30. இந்நேரத்தில் பஸ்ஸிலேயே திருச்சிக்குப் போய்விடலாம்.

ஆனாலும் இந்த விமானத்துக்குத்தான் என் ஓட்டு. 2019 நவம்பரில் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. நின்றிருந்த காலத்தில் ஒருமுறை கொழும்பு வழியாகப் போனோம். சென்னையிலிருந்து தெற்கே 650 கி.மீ., யாழ்ப்பாணத்தையும் தாண்டிப் பறந்து, அங்கிருந்து வடக்கே சுமார் 400 கி.மீ. ராத்திரி பஸ். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. இவருடைய முழங்கால் வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது. (1947 டிசம்பரிலேயே ஏர் சிலோனின் டகோட்டா கொழும்பிலிருந்து, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாக மெட்ராஸ் வந்திருக்கிறது என்பதை மாமனார் சொல்லாத நாள் கிடையாது.)

போகிறவர்கள் வலது பக்க ஜன்னல் கேளுங்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும். எங்களுக்குப் பாதி வழி மேகம். அப்புறம் கொஞ்ச நேரம் தூரத்தில் நம் கரை கோடு போல வந்தது. விசிறிக்குப் பக்கத்து வரிசை மட்டும் வேண்டாம், பேச்சே கேட்காது. ஏறுவதும் இறங்குவதும் வால் பக்கப் படியில், அதனால் பின் வரிசைக்காரர்கள் முதலில் இறங்கிக் குடியேற்ற வரிசையில் முன்னால் நிற்கலாம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

இணையதளத்துக்கு ஐந்துக்கு மூன்று. தூரம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் 57 நிமிடத்தை நம்பி நாத்தனார் பதினொன்றரைக்கே நண்டு போட்ட யாழ்ப்பாணக் கூழ் காய்ச்சி இறக்கியிருந்தார். “மச்சாள், இப்பதான் மூண்டாந்தரம் சூடாக்கினனான், கெதியா வந்து இருங்கோ” என்றார். அடியில் நண்டெல்லாம் கரைந்துபோயிருந்தது.