திருகோணமலையில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனத்துக்கு: பதிவுப் புத்தகம் வராத ஒரு சிடி 100

திருகோணமலை நகரத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை முழுப் பணமும் கொடுத்து வாங்கி, ஏழாவது மாதத்தில் அதை நிலாவெளி வீதியில் வைத்தே லீசிங் கம்பனியாரிடம் ஒப்படைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு நின்றவன் நான். விற்றவரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. விடயம் இப்போது இணக்க சபையின் முன்னால் இருக்கிறது. ஆயினும், என்னைப் போன்ற ஓர் ஆசிரியரோ, தாதியோ, துறைமுகத்தில் வேலை செய்யும் இளைஞரோ இன்றைக்கும் ஏதோ ஒரு கடையில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் என்னை விடாதபடியால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனது வீடு பாலையூற்றில் இருக்கிறது. படிப்பிப்பது குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று போய் வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஆகும். 2022 ஆம் ஆண்டு யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் ஒதுக்கினார்கள். அப்போது நான் ஓடிய அப்பாவின் பழைய வண்டி லீற்றருக்கு 40 கிலோமீற்றர்தான் ஓடும். அந்த 4 லீற்றரில் வாரத்தில் இரண்டு நாட்கள் போய் வந்து, மற்ற மூன்று நாட்களும் விடியற்காலையில் பஸ்ஸைப் பார்த்து நின்றேன். அந்த மாதங்கள் எனக்குள் ஒரு பயத்தை விதைத்துவிட்டன என்றே சொல்ல வேண்டும். 2024 நடுப்பகுதியில் வேறு வண்டி வாங்குவோம் என்று தீர்மானித்தபோது, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டுத் திரிந்தேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. பழைய மோட்டார் சைக்கிள்கள், அவை புதிதாக விற்ற விலையை விடக் கூடிய விலைக்குக் கைமாறிக்கொண்டிருந்தன. என் சேமிப்புக்கு எட்டியவை இரண்டுதான்: ஒன்று ஹீரோ ஸ்ப்ளெண்டர், மற்றது பஜாஜ் சிடி 100. இரண்டையும் பற்றி நான் சேகரித்தவை பொய்யாகிவிடவில்லை என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ப்ளெண்டரின் என்ஜின் 97.2 சிசி, சிடி 100 இன் என்ஜின் 99 சிசி. இரண்டுக்கும் நான்கு கியர், இரண்டும் பாரமில்லாதவை, ஒரு கையால் தள்ளி முற்றத்தில் ஏற்றக்கூடியவை. ஸ்ப்ளெண்டருக்கு 18 அங்குலச் சில்லு, சிடி 100 க்கு 17 அங்குலம். சிடி 100 இன் பின் சொக் மிருதுவானது, பள்ளம் திட்டியில் முதுகு நோகாது என்று அதை ஓடுபவர்கள் சொன்னார்கள். ஸ்ப்ளெண்டர் என்ஜினின் சத்தம் எத்தனை வருடம் போனாலும் மாறாது என்று அதை வைத்திருப்பவர்கள் சொன்னார்கள். இரண்டுக்கும் சாமான் திருகோணமலையிலேயே கிடைக்கும். கடற்கரை வீதியில் ஓடும்போது இரண்டுக்கும் ஒரே எதிரி உப்புக்காற்று. கச்சான் வீசும் மாதங்களிலும் சரி, வாடை வீசும் மாதங்களிலும் சரி, செயினையும் சில்லுக் கம்பிகளையும் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் கறள் ஏறிவிடும்.

ஸ்ப்ளெண்டர் ஓடுபவர்கள் லீற்றருக்கு 65 என்றார்கள், சிடி 100 ஓடுபவர்கள் 60 என்றார்கள். மாதத்தில் 22 பாடசாலை நாட்கள் என்று வைத்தால் 1,540 கிலோமீற்றர். ஒன்றுக்கு 24 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் மற்றதற்கு 26 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் தேவைப்படும். மாதம் ஏறத்தாழ 2 லீற்றர்தான் வித்தியாசம். இந்த 2 லீற்றருக்காக மூன்று வாரம் கொப்பியில் கணக்குப் போட்டேன். அதே மூன்று வாரத்தில் ஒரு நாளாவது, ஒரு வண்டியின் பதிவுப் புத்தகத்தில் என்னென்ன எழுதியிருக்கும் என்று யாரிடமாவது கேட்டிருந்தால் 365,000 ரூபாய் என் கையை விட்டுப் போயிருக்காது.

கடையில் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஸ்ப்ளெண்டருக்கு 410,000, சிடி 100 க்கு 385,000 என்றார் முதலாளி. நான் ஸ்ப்ளெண்டர் என்ற முடிவோடு போயிருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "சேர், அதுக்கு ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்திட்டுப் போயிட்டார். உங்களுக்கு இந்த சிடிதான் பொருத்தம், தூரம் ஓடுறவருக்கு முதுகு முக்கியம்" என்றார். நான் விலை குறைக்கக் கேட்பதற்கு முன்னரே அவராக 20,000 குறைத்தார். அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட அந்த ஸ்ப்ளெண்டர் அதற்குப் பிறகு நான்கு கிழமைகள் அதே இடத்தில் நின்றதைப் பாடசாலை விட்டு வரும் வழியில் என் கண்ணாலேயே பார்த்தேன். தயங்கி நின்ற எனக்கு ஒரு காரணத்தைச் சொல்லி, எந்த வண்டியை அவசரமாகக் கழித்துவிட வேண்டியிருந்ததோ அந்த வண்டியின் பக்கம் அவர் என்னைத் திருப்பியிருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது.

புத்தகத்தைக் கேட்டேன். "புத்தகம் கொழும்பில மாற்றத்துக்குக் குடுத்திருக்கு சேர், ரெண்டு கிழமையில கைக்கு வரும்" என்று சொல்லி ஒரு போட்டோப் பிரதியைத் தந்தார். அந்தப் பிரதியில் வாகன இலக்கமும், வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் தெளிவாக இருந்தன; ஒரு பகுதி மட்டும் மை அப்பியதுபோலக் கறுத்துப் போயிருந்தது. பிரதி எடுக்கும் இயந்திரத்தின் குறை என்று நினைத்தேன். கூடவே, பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட, வாங்குபவரின் இடம் வெறுமையாக விடப்பட்ட பெயர்மாற்றப் படிவமும் தந்தார். இதைத்தான் நம்மவர்கள் ஓப்பன் பேப்பர் என்கிறார்கள். ஊரில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன என்று கேள்விப்பட்டிருந்தபடியால் அதிலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. 200,000 ரூபாயை வங்கிக் கணக்கில் இட்டேன். மிகுதி 165,000 ஐக் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு என்று தந்த தாளில் கடையின் பெயர் இல்லை, செசி இலக்கம் இல்லை. "சிடி 100, பணம் முழுவதும் பெற்றேன்" என்ற ஒரு வரியும் ஒரு சுருக்கக் கையொப்பமும் மட்டுமே இருந்தன.

இரண்டு கிழமை இரண்டு மாதமாகியது. புத்தகம் வரவில்லை. மூன்றாவது மாதத்தில் செயின் சத்தம் போடத் தொடங்கியதால் கிண்ணியாவைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன். நானா என்றுதான் அவரை எல்லோரும் அழைப்போம். வண்டியின் மீற்றரில் அப்போது முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் காட்டியது. நானா, செயினை ஓட்டும் பற்சக்கரமான முன் ஸ்புரொக்கெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து, கூராகி, சுறாவின் பல்லைப் போல வளைந்திருந்தன. "சேர், இது முப்பதாயிரம் ஓடின பல்லு இல்ல" என்றவர், பிரேக் மிதியையும் காட்டினார். மிதியின் கோடுகள் முழுவதும் தேய்ந்து இரும்பு பளபளத்தது, ஆனால் கால் வைக்கும் இடத்து ரப்பர்கள் இரண்டும் புத்தம் புதியவை. பிறகு பக்க மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறத்தில், எண்ணெய்ப் பிசுக்கின் அடியில், ஒயில் மாற்றும் இடங்களில் ஒட்டிவிடும் சிறிய ஸ்ரிக்கர் ஒன்று இருந்தது. துணியால் துடைத்தபோது நீலப் பேனையால் எழுதிய இலக்கம் தெரிந்தது: அடுத்த ஒயில் மாற்றம் 63,000 இல்.

இவ்வகை வண்டிகளில் மீற்றர் முன் சில்லிலிருந்து வரும் ஒரு கேபிளால்தான் சுற்றுகிறது. கேபிளைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீற்றர் நிற்கும். முழு மீற்றரையுமே உடைத்த வண்டியிலிருந்து எடுத்து மாற்றிவிடவும் முடியும். எனவே மீற்றரைப் பார்த்து வண்டியின் வயதைக் கணக்கிடாதீர்கள். பல், மிதி, கைப்பிடி, சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கீறல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பணம் கொடுக்குமுன் பக்க மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு திருகாணிதான்.

அன்றைக்கே கடைக்குப் போய்க் கேட்டேன். தான் வாங்கும்போதே மீற்றர் அப்படித்தான் இருந்தது என்றார் முதலாளி. வண்டி நன்றாக ஓடுகிறதே, எதற்குச் சண்டை என்று நானும் விட்டுவிட்டேன். மீற்றரில் பொய் சொல்லத் துணிந்தவர் புத்தகத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று அந்த இடத்திலேயே யோசிக்காததுதான் நான் செய்த இரண்டாவது பிழை.

ஏழாவது மாதம், பாடசாலை விட்டு வரும்போது, நிலாவெளி உப்பளத்தைத் தாண்டி வந்த என்னை லீசிங் கம்பனியைச் சேர்ந்த இருவர் மறித்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கையிலிருந்த கடிதத்தில் என் வண்டியின் இலக்கமும் செசி இலக்கமும் இருந்தன; ஸ்டியரிங் தண்டில் அடித்திருந்த இலக்கத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார்கள். வேறு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் லீசிங்கில் எடுத்து, ஒன்பது தவணை கட்டாமல், ஓப்பன் பேப்பரில் விற்றுவிட்ட வண்டி அது. லீசிங்கில் கடைசித் தவணை கட்டி முடியும் வரை வண்டிக்கு உரிமையாளர் கம்பனிதான். எடுத்தவருக்கு அதை ஓடும் உரிமை உண்டு, விற்கும் உரிமை இல்லை. கம்பனியின் பெயர் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும். என் கையிலிருந்த பிரதியில் மை அப்பிக் கறுத்துப் போயிருந்தது அந்த இடம்தான்.

வண்டியை மீட்க வேண்டுமென்றால் நிலுவை 187,000 ரூபாயைக் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினாலும், ஒப்பந்தத்தில் இருப்பவர் வந்து கையொப்பமிடாமல் அது என் பெயருக்கு மாறாது. அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆகவே கட்டாமல் விட்டேன். கம்பனியார் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை; அவர்கள் தங்கள் பொருளைத் தேடி வந்தார்கள்.

இவ்வளவையும் தடுப்பதற்கு எனக்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்திருக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து விபரம் பார்க்கும் வசதி இருக்கிறது. முழு உரிமையாளராக ஒரு கம்பனி பதிவாகியிருந்தால் அங்கே தெரியவரும். அப்படி ஒரு பெயர் வந்தால், கடன் தீர்ந்துவிட்டது என்ற கம்பனியின் கடிதத்தை மூலப் பிரதியாகக் கையில் வாங்கும் வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள். புத்தகத்தின் மூலப் பிரதி இல்லாத வண்டியை, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். பதிவு உரிமையாளரை நேரில் பாருங்கள், அல்லது அவரோடு தொலைபேசியிலாவது பேசிவிடுங்கள். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது என்னிடம் உறுதியாக இருந்த ஒரே ஆதாரம் அந்த 200,000 ரூபாய்க்கான வங்கித் துண்டுதான். கையில் கொடுத்த 165,000 க்குச் சாட்சி ஒரு சுருக்கக் கையொப்பம் மட்டுமே. நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. லீசிங் கம்பனியோடு பிணக்கு என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். ஆனால் என்னுடையதைப் போன்ற பிணக்கு கடைக்காரரோடு மட்டுமே உள்ளது என்பதால் அது எனக்குப் பயன்படவில்லை.

"நானும் ஏமாந்திட்டன் சேர்" என்று முதலில் சொன்ன முதலாளி, நான் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்த பிறகு வங்கி வழியாகப் பெற்ற தொகையை மட்டும் ஒப்புக்கொண்டார். அதில் 80,000 ரூபாயை இரண்டு தடவைகளாகத் தந்திருக்கிறார். கையில் கொடுத்த பணத்தைப் பற்றி இணக்க சபையில் பேசவேண்டியிருக்கிறது.

2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது, ஆனால் வரிகளோடு சேர்ந்து வரும் புது வண்டியின் விலை என் சம்பளத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே மச்சான் ஒருவர் பத்து வருடமாகத் தன் பெயரிலேயே வைத்திருந்த ஸ்ப்ளெண்டரை, புத்தகத்தை முன்னே வைத்துப் பெயரை மாற்றிக்கொண்டு தவணை முறையில் வாங்கியிருக்கிறேன். லீற்றருக்கு 58 தான் ஓடுகிறது. கடைக்காரரோடான இணக்க சபைத் தவணை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை.