டிக்கெட் டு ரைட் – ஐரோப்பா: தேசப்படம் பார்க்கப் பழக்கும் ஒரு பலகை விளையாட்டு

புவியியலைக் கற்பிக்கும் குடும்ப விளையாட்டு என்று விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பவை வினாவிடை அட்டைகளே. ஒரு நாட்டின் தலைநகர் எது, நாணயம் எது என்று கேட்டு, சரியாகச் சொன்னவரை மட்டும் முன்னே நகர விடும் அவ்வகை விளையாட்டில் ஏற்கெனவே அறிந்த பிள்ளை வெல்லும். அறியாத பிள்ளை சோர்ந்து எழுந்துவிடும். கேள்வி ஒன்றுகூடக் கேட்காமல், பிள்ளை தானாகவே குனிந்து தேசப்படத்தைத் தேட வேண்டிய தேவையை உண்டாக்கும் விளையாட்டே உண்மையில் கற்பிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சாள் மட்டக்களப்பிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்த 'டிக்கெட் டு ரைட் – ஐரோப்பா' அத்தகையது.

அலன் ஆர். மூன் வடிவமைத்து டேய்ஸ் ஒஃப் வொண்டர் நிறுவனம் வெளியிட்ட மூல விளையாட்டு ஐக்கிய அமெரிக்கப் படத்தைக் கொண்டது. 2004 ஆம் ஆண்டு ஜேர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதைப் பெற்றது. ஐரோப்பியப் பதிப்பு 2005 இல் வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இருவர் முதல் ஐவர் வரை விளையாடலாம்; பழகிய பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே நிறத்தில் 45 சிறிய புகையிரதப் பெட்டிகளும் மூன்று நிலையங்களும் கிடைக்கும். நிற அட்டைகளைச் சேர்த்து, இரு நகரங்களுக்கு இடையிலுள்ள பாதையின் நிறத்துக்கும் கட்டங்களின் எண்ணிக்கைக்கும் பொருந்த அவற்றைக் கொடுத்து, தன் பெட்டிகளை அப்பாதையில் வைத்து உரிமை கொள்வதே ஆட்டத்தின் அடிப்படை. பாதை நீள நீளப் புள்ளி வேகமாக உயரும்: ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, நான்கு கட்டத்துக்கு ஏழு, ஆறு கட்டத்துக்குப் பதினைந்து.

கற்பித்தல் நடப்பது பயணச் சீட்டுகளில். தொடக்கத்தில் ஒரு நெடும் பயணச் சீட்டும் மூன்று சாதாரணச் சீட்டுகளும் கையில் தரப்படும். அவற்றில் குறைந்தது இரண்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும். எடின்பரோவிலிருந்து ஏதென்ஸ் வரை இணைத்தால் 21 புள்ளி. இணைக்கத் தவறினால் அதே 21 புள்ளி கழிக்கப்படும். ஆகவே எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் முன் பிள்ளை பலகையை நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது: இந்த இரண்டு நகரங்களும் கண்டத்தின் எந்த மூலைகளில் உள்ளன, என் கையிலுள்ள மற்றச் சீட்டுகள் அதே வழியில் விழுகின்றனவா, நடுவிலுள்ள ஒரு பாதையை வேறொருவர் பிடித்துவிட்டால் சுற்றிப்போக எந்த நகரம் உதவும்? சீட்டிலேயே சிறிய படத்தில் இரு நகரங்களும் குறிக்கப்பட்டிருப்பதால், இடம் அறியாத பிள்ளைக்கு முதல் ஆட்டத்திலும் அவமானம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சீட்டையும் பலகையையும் ஒப்பிட்டுக் கொண்டிருப்பவரைவிட, நகரங்களின் இருப்பிடம் மனதில் பதிந்தவர் விரைவாகத் திட்டமிடுவார் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்கிறார்கள். தரம் எட்டில் படிக்கும் என் மகன், பாடத்துக்காகப் படம் குறிக்கச் சொன்னால் முகம் சுளிப்பவன், பால்கன் தீபகற்பத்தை விரலால் தடவித் தடவிப் பாதை தேடினான்.

இயற்கை அமைப்பையும் விளையாட்டின் விதிகள் தொட்டுச் செல்கின்றன. கடலைக் கடக்கும் பாதைகளுக்கு, எந்த நிறத்துக்கும் பதிலாகக் கொடுக்கக்கூடிய எஞ்சின் அட்டைகள் கட்டாயம் தேவை. மலைகளை ஊடுருவும் பாதைகள் சுரங்கங்களாக உள்ளன. அவற்றைப் பிடிக்க முயலும்போது அட்டைக்கட்டின் மேலிருந்து மூன்று அட்டைகள் திருப்பப்படும், அதே நிறம் வந்தால் மேலதிக அட்டை கொடுக்க வேண்டும், கையில் இல்லாவிட்டால் அந்த முறை வீணாகும். சூரிச்சிலிருந்து வெனிசுக்குப் போக ஏன் இந்தத் தொல்லை என்று பிள்ளை கேட்கும் இடத்தில் அல்ப்ஸ் மலைத்தொடரைக் காட்டலாம்; 2016 இல் திறக்கப்பட்ட, 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் அடித்தளச் சுரங்கத்தைப் பற்றியும் சொல்லலாம். அதுவரை சூரிச், பாரிஸ், லண்டன் எல்லாம் நம் பிள்ளைகளுக்கு மாமாவும் சித்தியும் தொலைபேசியில் பேசும் ஊர்கள் மட்டுமே. அவை ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் இருக்கின்றன, நடுவே கடல் உள்ளதா மலை உள்ளதா என்பது பலகையின் முன்னால்தான் எங்கள் வீட்டில் முதன்முறை பேசப்பட்டது.

குறைகளும் உண்டு, அவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பலகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்ககால ஐரோப்பாவைக் காட்டுவதால் இஸ்தான்புல், அங்காரா, கிடான்ஸ்க், சென் பீற்றர்ஸ்பேர்க் ஆகியவை கொன்ஸ்தாந்திநோப்பிள், அங்கோரா, டான்சிக், பெற்றோகிராட் என்ற பழைய பெயர்களில் உள்ளன. பாடசாலை அட்லஸில் இவற்றைத் தேடும் பிள்ளை ஏமாறும். வியன்னா, மியூனிக் போன்றவை அந்தந்த நாட்டு மொழி வடிவில் அச்சிடப்பட்டுள்ளன. நாங்கள் ஒரு தாளில் நகரங்களின் இன்றைய பெயர்களைத் தமிழில் எழுதி, பலகைக்கு அருகில் வைத்திருக்கிறோம். சிறியவர்களுக்கு அது இல்லாமல் ஆட்டம் நகராது. இதைவிடப் பெரிய குறை தூரம். லண்டன் – எடின்பரோ, மட்ரிட் – பார்சிலோனா ஆகிய இரண்டும் நேர்கோட்டில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர்தான். பலகையிலோ முதலாவதற்கு நான்கு கட்டங்கள், இரண்டாவதற்கு இரண்டே கட்டங்கள். திசையையும் அயலையும் இவ்விளையாட்டிடம் கற்கலாம், அளவுத்திட்டத்தைக் கற்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, 1957 இல் பிரான்சில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ரிஸ்க்' விளையாட்டையும் சொல்ல வேண்டும். உலகத்தை 42 பிரதேசங்களாகப் பிரித்துள்ள அதில், அமெரிக்காவின் அலாஸ்காவும் ரஷ்யாவின் கம்சாட்காவும் அயல் என்ற ஓர் அரிய உண்மையைப் பிள்ளைகள் கற்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ரஷ்யா முழுவதும் 'உக்ரேன்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கிறது. படையெடுப்பை மையமாகக் கொண்ட ஆட்டத்தை வீட்டில் விரிக்க நமது மாவட்டத்தில் எல்லாப் பெற்றோருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை.

டிக்கெட் டு ரைட் பெட்டியால் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன், தயாரிப்பாளர் எண்ணாத ஒன்று. பெரிய பிரிஸ்டல் அட்டையில் இலங்கைப் படத்தை வரைந்து, புகையிரதப் பாதைகளையும் பிரதான வீதிகளையும் கட்டங்களாகப் பிரித்து, அதே பெட்டிகளையும் நிற அட்டைகளையும் கொண்டு விளையாடினோம். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதத்தால் மட்டும் போக வேண்டும் என்ற சீட்டு வந்தபோது, கல்லோயாச் சந்தி, மாகோ, பொல்காவலை, பேராதனை, ஹற்றன் என்று தீவின் பாதியைச் சுற்றவேண்டியிருந்தது. வீதியை அனுமதித்தால் செங்கலடியிலிருந்து ஏ5 வீதி நேரே பதுளைக்கு ஏறிவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கான சீட்டும் முதலில் மாகோவுக்கே இழுத்துச் சென்றது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிவதால் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களை ஏ4 வீதியால் இணைத்தோம். அம்பாறை மாவட்டத்துக்குப் புகையிரதப் பாதை ஏன் இல்லை என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது. மாகோவையும் பொல்காவலையையும் வேறொருவர் பிடித்துவிட்டால் கிழக்கு முழுவதும் துண்டிக்கப்படுவதைக் கண்ட பிள்ளைகளுக்குச் சந்தி நகரங்களின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆசிரியர் விரும்பினால் இதையே வகுப்பறையில் குழுக்களாகச் செய்யலாம். பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையும் போதும்.

பொருளின் தரம் நன்று. பலகை பெரியது, எங்கள் உணவு மேசையில் அட்டைகளுக்கு இடம் போதாமல் தரையில் பாய் விரித்தே விளையாடுகிறோம். மாரி காலத்து ஈரப்பதனில் நிற அட்டைகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கின. இறுக மூடும் பிஸ்கட் டின்னில் வைத்த பின் அந்தச் சிக்கல் இல்லை. வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டு வாங்குவோர், ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் எளிதாக்கப்பட்ட 'ஃபர்ஸ்ட் ஜேர்னி' பதிப்பையும், மற்றவர்கள் ஐரோப்பியப் பதிப்பையும் கேட்கலாம். இந்தியப் படம் தனிப் பலகையாக 2011 இல் வந்துள்ளது. ஆனால் அதற்குப் பெட்டிகளும் நிற அட்டைகளும் மூல விளையாட்டிலிருந்தோ ஐரோப்பியப் பதிப்பிலிருந்தோ எடுக்கப்பட வேண்டும், நால்வருக்கு மேல் விளையாடவும் முடியாது.