அரிச்சல்முனை நடைக்கு ஷூவா, செருப்பா?

ராமேஸ்வரம் தீவில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கோடியான அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ.; திரும்பி வருவதையும் சேர்த்தால் 19. வழியில் ஏற்றமும் இல்லை, நிழலும் இல்லை. மலையேற்றத்துக்கென்று கடைகளில் விற்பவை குளிரையும் சரிவையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதால், வெயிலும் மணலும் உப்புக்காற்றும் வாட்டும் இந்தக் கரைக்கு அவற்றுள் பல வெறும் சுமையே.

முதலில் காலணி. தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு ஷூவே சிறந்தது. ஆனால் 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்க மணலில் இறங்கியதும் அது தோற்றுவிடுகிறது: உள்ளே புகுந்த மணல் விரலிடுக்கில் அரைக்கும், ஒருமுறை அலையில் நனைந்தால் அன்று முழுவதும் காயாது. ரப்பர் செருப்போ ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்காலில் மணலை வாரி இறைப்பதோடு, புதைமணலில் வாரையும் பிடுங்கிக்கொள்ளும். சீமைக்கருவேல முள் அதன் அடியைத் துளைத்து ஏறும் என்பதை இம்மாவட்டத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. குதிகாலைப் பட்டையால் இறுக்கும், தடித்த அடியுள்ள சாண்டலில் மணல் புகுந்தாலும் உதறினால் போய்விடும் என்பதால் என் தேர்வு அதுவே. வெறுங்காலுக்குக் காலை ஒன்பது மணி வரை ஈரக்கரை இதமானது. உச்சிவெயிலில் உலர்மணலில் கால் வைக்க முடியாது.

பருத்தி ஈரத்தை எளிதில் விடாது என்பதால் குளிர்ந்த மலைகளில் அதைத் தவிர்ப்பார்கள். இங்கே அதே குணம் உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே மேலுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை நன்று. கீழாடைக்கு மட்டும் விரைவில் உலரும் மெல்லிய பாலியெஸ்டர் கால்சட்டையைப் பரிந்துரைப்பேன். கடல்நீரில் நனைந்த பருத்தி தொடையை உரசிப் புண்ணாக்கிவிடும்.

குடையைத் தென்மேற்குக் காற்று மடக்கிவிடும் (ஆண் கடல் எனப்படும் தெற்குக் கடல் பக்கம் விரித்துப் பார்த்தவர் மறுமுறை கொண்டுவரமாட்டார்). தொப்பி முகத்தை மட்டுமே காக்கும். நன்னீரில் நனைத்துத் தலையோடு பிடரியையும் மூடிக் கட்டிய துண்டுக்கு இரண்டுமே ஈடாகா.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். சாதாரண எவர்சில்வர் பாட்டில் வெயிலில் கொதிக்கும் என்பதால், பிளாஸ்டிக் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். சோற்றில், தயிர்ச்சோறு நண்பகலுக்குள் புளித்துவிடும். புளிச்சோறு மாலை வரை தாங்கினாலும் தாகத்தைக் கூட்டும். நான் புளிச்சோற்றையே கட்டி, கூடுதலாக அரை லிட்டர் தண்ணீரைச் சுமக்கிறேன்.